அளவுக்கு உட்கார்ந்தவள்

என் கணவர் ஓஸ்வால்டுக்கு ஆறடி உயரம். என் தம்பி டிரேவருக்கு உயரம் குறைவு, ஆனால் அந்தக் குறையைச் சுற்றளவில் ஈடுகட்டிவிட்டான். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இந்த மூன்று அளவுகளையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு வருடம் இஞ்ச் டேப்பும் கையுமாக அலைந்தும் இந்த மூன்றை மட்டும் அளக்கவில்லை.

அவர்கள் கட்டியது ஒரு ஹாட் ராட். பழைய சின்னக் கார் ஒன்றைப் பிடித்து, அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத பெரிய எஞ்சினை உள்ளே திணித்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட வைத்தால் அதற்கு அந்தப் பெயர். கார் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஒயிட்ஃபீல்டில் யாரோ ஒருவருடைய பங்களாவின் பின்கட்டில் அதில் கோழிகள் குடியிருந்தன. டிரேவர் போய்க் கோழிகளைக் காலி செய்துவிட்டு அதை இழுத்து வந்தான். எஞ்சின், ஓஸ்வால்ட் சிவாஜிநகர் குஜரிக் கடையில் பழைய இரும்புக்கு நடுவே கண்டெடுத்தது. காரில் முன்பு இருந்தது நாலு சிலிண்டர், இது ஆறு. நாலு பேர் படுக்கிற பாயில் ஆறு பேரைப் படுக்க வைப்பதென்று முடிவு செய்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. துணி காயப்போடும் இடத்தை மட்டும் கேட்டார்கள், அதுவும் எடுத்துக்கொண்ட பிறகு.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு போர்ட்டிகோ உண்டு. அங்கேதான் பட்டறை. ஓஸ்வால்ட் விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து மதிப்புப் போடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர். கார் எப்படியெல்லாம் உடையும் என்று தெரிந்தவருக்கு எப்படிக் கட்டுவது என்றும் தெரியும் என்பது அவர் நினைப்பு. டிரேவர் ஒரு சர்வீஸ் சென்டரில் தகர வேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். எனக்கும் இந்தக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டிருந்தால் நியாயம். கேட்கவில்லை.

சம்பந்தம் இதுதான். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணமான வருடமே எடுத்தேன். ஓட்டத்தான் விடவில்லை. முதல் வாரத்திலேயே அவருடைய மாருதியைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் லேசாக உரசிவிட்டேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஒரு கோடுதான். அன்றிலிருந்து நான் சாவியைக் கையில் எடுத்தாலே, "கிளட்ச் போயிடும் ஜூடி, வெச்சிடு" என்பார். ஏதோ அவருடைய கிட்னியை நான் கையில் எடுத்த மாதிரி முகம் வெளுக்கும். அதற்குப் பிறகு கார்கள் மாறின. என் இடம் மட்டும் மாறவில்லை, இடது பக்கம். பள்ளிக்கு பஸ்ஸில் போகிறேன். வீட்டில் கார் சும்மா நிற்கிறது. எனக்குக் கோபமாக இருந்தது, அது வருடாவருடம் புதுசாகவே இருந்தது.

ஹெரால்ட் வந்த வாரமே யார் முதலில் ஓட்டுவது என்று இரண்டு பேருக்கும் சண்டை. "எஞ்சின் என்னுது" என்றார் இவர். "பாடி என்னுது மாமா, பாடி இல்லாம உங்க எஞ்சினைத் தலையில வெச்சா ஓட்டுவீங்க?" என்றான் அவன். கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஜூலை மாதம் புனித கிறிஸ்டோபர் திருநாளை ஒட்டி வரும் ஞாயிறு எங்கள் கோயிலில் வண்டி மந்திரிப்பு நடக்கும். ஃபாதர் மைதானத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். அந்த நாள் வரைக்கும் இரண்டு பேரில் ஒருத்தரும் டிரைவர் சீட்டில் உட்காரக் கூடாது. அன்றைக்கு டாஸ் போட்டு, ஜெயித்தவர் கோயிலுக்கு ஓட்டிப்போவது. பைபிள் மேல் கை வைத்துச் சத்தியமும் செய்துகொண்டார்கள். ஒருத்தன் ஒரு நிமிடம் உட்கார்ந்தாலும் 'முதலில் உட்கார்ந்தது நான்' என்று உரிமை கொண்டாடிவிடுவான் என்று மற்றவருக்குப் பயம்.

ஆனால் கார் கட்டும்போது அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும். பெடல் மிதிக்க வேண்டும், ஸ்டீயரிங் திருப்ப வேண்டும், இடிக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் டார்ச்சோடு அடியில், இன்னொருத்தர் பானெட்டுக்குள் தலையோடு.

"ஜூடி, கொஞ்சம் வந்து உட்காரேன்."

வந்து உட்கார்ந்தேன். என்னை அவர்கள் ஆளாகக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான் உட்கார்ந்தால் சீட் காலியாக இருப்பதற்குச் சமம், அதனால் ஒப்பந்தமும் உடையாது.

முதல் தகராறு பானெட்டில் வந்தது. எஞ்சினை இறக்கிவிட்டு மூடினால் மூடவில்லை. எங்கே இடிக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் மூடிய பானெட்டுக்குள் யாரும் போக முடியாது. டிரேவர் சமையலறைக்கு வந்து நான் பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போனான். எஞ்சின் மேல் அங்கங்கே உருண்டை உருண்டையாக வைத்தான். பானெட்டை மெதுவாக இறக்கி அமுக்கித் திறந்தான். பின்பக்கத்து உருண்டைகள் அப்படியே இருந்தன. முன்பக்கத்து உருண்டை அப்பளமாகக் கிடந்தது.

"இங்கதான் மாமா. அரை இஞ்ச் வேணும்."

"பானெட்ல ஓட்டை போடு."

"என் பானெட்ல ஓட்டையா? உங்க எஞ்சினைக் கீழ எறக்குங்க."

"எறக்கினா ஆயில் சம்ப் ரோட்டுல தேயும். உனக்கு ஸ்பீட் பிரேக்கர்னா என்னன்னு தெரியுமா?"

இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பானெட் முன்னால் சரிந்து பின்னால் உயர்கிறது. எஞ்சினைப் பின்னால் தள்ளினால் உயரம் தானாகக் கிடைக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும்.

"பின்னாடி தள்ளுங்களேன்" என்றேன்.

"பின்னாடி சுவரு இருக்கு அக்கா. கேபினுக்குள்ள வந்துரும்."

"வரட்டும். இங்க எவ்வளவு இடம் சும்மா கெடக்கு."

எனக்குச் சும்மாதான் கிடந்தது. என் கால் அந்தப் பெடலைத் தொடுவதற்கே ஒரு சாண் தூரம் இருந்தது. டிரேவர் எஞ்சினுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தகரச் சுவரை வெட்டி, உள்பக்கமாகப் பெட்டி மாதிரி ஒன்றைச் செய்து பற்றவைத்தான். எஞ்சின் பின்னால் வந்தது, பானெட் மூடியது, ரேடியேட்டர் விசிறிக்கும் இடம் கிடைத்தது. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அன்று சப்பாத்தி சாப்பிடும்போது டிரேவர் ஒரு மாதிரி மென்றான்.

"அக்கா, இதுல என்ன எண்ணெய் போட்ட?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுதான்" என்றேன். அது எஞ்சின் மேல் வைத்த மாவு இல்லை, வேறு மாவு. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பெடல்களைப் புதுச் சுவரில் பொருத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். கால் நீட்டினேன். கிளட்ச் என் பாதத்துக்கு அடியில் வந்து நின்றது. முதுகுக்குத் தலையணை இல்லை, நுனிக்கு நகர்ந்து உட்காரவில்லை, இருந்த இடத்திலிருந்தே முழுசாக அமுங்கியது. என் வாழ்நாளில் எந்தக் காரிலும் இப்படி நடந்ததில்லை. இந்த வண்டியை நான் ஓட்ட வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். கேட்டு வாங்கினால் கிடைக்காது என்று தெரியும். கேட்காமலே வாங்குவது எப்படி என்று யோசித்தேன்.

வழி அவர்களே சொல்லிக்கொடுத்ததுதான். காருக்குள் இருக்கிற இடம் இவ்வளவுதான், அது வளராது. எஞ்சினுக்கு ஓர் அங்குலம் கொடுத்தால் ஓட்டுகிற ஆளிடமிருந்து ஓர் அங்குலம் போகும். போகட்டும் என்று ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினால் போதும். எனக்கு வேண்டிய இடம் சின்னது.

முதலில் மறுபடி ஓட்டக் கற்க வேண்டுமே. என் பள்ளியில் உருது டீச்சர் ஃபாத்திமா ஒரு குட்டிக் கார் வைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சனிக்கிழமைகளில் அவள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் எனக்குப் பயிற்சி. "டரோ நக்கோ ஜூடித், ஆஹிஸ்தா சோடோ" என்பாள், பயப்படாதே, மெதுவாக விடு என்று. கிளட்சை ஆஹிஸ்தா விட்டேன். முதல் நாள் தவளை மாதிரி தாவியது. பிறகு தாவவில்லை. வீட்டில், சனிக்கிழமை பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

அடுத்த தகராறு, புகைக்குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும். ஆறு குழாய்கள் எஞ்சினின் வலது பக்கமாக வளைந்து இறங்கின. அவற்றின் நடுவே ஸ்டீயரிங் தண்டு போக வேண்டும். போனது, ஆனால் ஒரு குழாயை உரசிக்கொண்டு போனது. சூடானால் தண்டே சிவந்துவிடும் என்றான் டிரேவர்.

ஓஸ்வால்ட் அந்தக் குழாய்களைத் தானே அட்டையில் வெட்டி, மாதிரி செய்து, கலாசிபாளையத்தில் ஒரு ஆளிடம் வளைத்து வாங்கி வந்திருந்தார். அதில் ஒரு நூல் குறைக்கச் சொன்னாலும் அவருக்கு உயிர் போகும். "குழாயை வெட்டு"வதா "தண்டை மாத்து"வதா என்று ஒரு வாரம் ஓடியது. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

"டிரேவர், மாமா அவ்வளவு ஆசையா செஞ்சிருக்காரு" என்றேன். "தண்டுல ரெண்டு மூட்டு போட்டு வளைச்சு விட முடியாதா?"

"முடியும் அக்கா. ஆனா வீல் கொஞ்சம் கீழயும் பின்னாடியும் வரும்."

"எவ்வளவு வரும், நான் உட்கார்ந்து பாக்கறேன்."

மூட்டுப் போட்டார்கள். தண்டு குழாய்க்கு அடியில் பதுங்கிப் போனது, நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. ஸ்டீயரிங் வீல் என் மடிக்கு மேல் வந்து நின்றது. என் வயிற்றுக்கும் அதற்கும் நடுவே உள்ளங்கை அகலம்.

"எப்படி இருக்கு ஜூடி, இடிக்குதா?"

"எனக்கு இடிக்கல."

அது சத்தியமான வார்த்தை. அவர் புகைக்குழாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போனார்.

கியர்பாக்ஸ் பெரிதாக இருந்ததால் நடுவில் தரையை மேடாக்க வேண்டியிருந்தது. மேடு வலது பக்கம் வந்தது, பெடல்கள் நெருங்கின. டிரேவரின் ஷூ ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி சைஸ். எனக்கு ஸ்கூல் செருப்பு, அதிலும் சின்ன சைஸ். "கால் மாறி மிதிக்குதா அக்கா?" என்று அடியிலிருந்து கேட்டான். மாற்றி மாற்றி மிதித்துக் காட்டினேன். பியானோ வாசிக்கிற மாதிரி சுத்தமாக வந்தது.

பிறகு கூரை. தாழ்ந்த கூரை இல்லாவிட்டால் அது ஹாட் ராடே இல்லை என்பது டிரேவரின் கொள்கை. எவ்வளவு வெட்டலாம் என்று பார்க்க என்னை உட்காரவைத்து, ஓஸ்வால்ட் ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து என் தலைக்கும் கூரைக்கும் நடுவே அளந்தார். நான் எப்போதும் கொண்டை போடுபவள். அன்று பின்னல்.

"அடேயப்பா, ஒரு சாணுக்கு மேல இருக்கு டிரேவர்."

"நாலு இஞ்ச் எடுத்துரலாமா மாமா?"

"எடு. சும்மா காத்துக்குத்தானே கூரை கட்டி வெச்சிருக்கான்."

டிரேவர் கட்டரை எடுத்தவன் நின்றான். "நமக்கு இடிக்காதுல்ல?"

ஓஸ்வால்ட் சீட்டை எட்டி ஒரு குத்து விட்டுப் பார்த்தார். "நல்லா அமுங்குது பாரு. நம்ம வெயிட்டுக்கு இன்னும் மூணு இஞ்ச் கீழ போகும். ஜூடி எறகு மாதிரி, அவளுக்கு அமுங்காது."

பதினெட்டு வருடத்தில் என்னை இறகு என்று சொன்னது அன்றுதான். கூரையை வெட்டும் சத்தம் காதைப் பிளந்தது, எனக்கு இனிமையாக இருந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது டிரேவருக்குப் புத்தி வந்தது. மந்திரிப்புக்கு இரண்டு வாரம் இருக்கும். "மாமா, அக்கா அளவுக்கு சீட் முன்னாடி இருக்கு. அடியில ரெயில் போட்டுடறேன். நமக்கு வேணுங்கறப்ப பின்னாடி தள்ளிக்கலாம்."

ரெயில் போட்டால் அவ்வளவுதான். பெடல், வீல் எல்லாம் தூரப் போய்விடும், சாய்ந்து உட்கார்ந்தால் தலையும் தப்பிக்கும். என் ஒரு வருட உழைப்பு ஒரு ஜோடி இரும்புப் பட்டையில் போய்விடும். நான் காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

பேட்டரிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. முன்னால் எஞ்சின் அடைத்துக்கொண்டிருந்தது. டிக்கியில் பெட்ரோல் டேங்க், அதன் பக்கத்தில் பேட்டரி வைக்க ஓஸ்வால்டுக்குப் பயம்.

"டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி வைங்களேன்" என்றேன், துணி மடித்துக்கொண்டே.

"லெஃப்ட் சீட்டுக்குப் பின்னாடி வைக்கலாமே" என்றான் டிரேவர். "ரெயிலுக்கு இடம் வேணும்ல."

"ஸ்டார்ட்டர் மோட்டார் வலது பக்கம்தானே இருக்கு? லெஃப்ட்ல வெச்சா கேபிள் சுத்திக்கிட்டு வரணும். மேட்டைத் தாண்டி, குழாய்ச் சூட்டுக்குப் பக்கத்துல. உருகிடாதா?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு சட்டையின் காலரைக் கவனமாகச் சரிசெய்தேன்.

"ஹௌது, அது கரெக்ட்தான்" என்றார் ஓஸ்வால்ட். பிறகு டிரேவர் பக்கம் திரும்பி, கேபிள் நீளமானால் என்ன ஆகும் என்று தன்னுடைய யோசனை மாதிரி விளக்க ஆரம்பித்தார். பேட்டரிக்கு இரும்புப் பெட்டி செய்து சீட்டுக்குப் பின்னால் தரையோடு பற்றவைத்தார்கள். சீட் ஒரு நூல் கூடப் பின்னால் போக வழியில்லாமல் அதன் மேல் சாய்ந்து நின்றது. ரெயில் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. வண்டி செர்ரிச் சிவப்பில் மின்னியது. தெருவில் பாதிப் பேர் எங்கள் கேட்டில் நின்றார்கள். கோயில் எங்கள் தெருவின் சரிவில் இறங்கி, பேக்கரி முனையில் திரும்பினால் வந்துவிடும். போலீஸ்காரர் கண்ணில் படாமல் போகிற அளவுக்குத்தான் தூரம். ஓஸ்வால்ட் கோட் போட்டிருந்தார். டிரேவர் கூலிங் கிளாஸ். டாஸில் ஓஸ்வால்ட் ஜெயித்தார்.

கதவைத் திறந்து, சாவியை நுழைத்து ஆன் செய்தார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு குனிந்து தலையை நுழைத்தார். தலை போனது, தோள் போகவில்லை. வெளியே வந்து காலை முதலில் நுழைத்தார். கால் வீலுக்கு அடியில் மாட்டியது. இரண்டையும் ஒரே சமயம் முயன்றார். எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்தபோது முழங்கால்கள் வீலுக்கு இரண்டு பக்கமும் காது வரைக்கும் வந்திருந்தன, கழுத்து இடது தோளில் சாய்ந்திருந்தது. சீட் ஓர் அங்குலம் கூட அமுங்கவில்லை. கூரையை வெட்டிய பிறகு அதற்கு அடியில் பலகை வைத்தது அவரேதான்.

"திருப்புங்க மாமா" என்றான் டிரேவர்.

வீல் முழங்காலில் இடித்து நின்றது. கேட்டில் யாரோ சிரித்தார்கள்.

"நீங்க எறங்குங்க, நான் பாத்துக்கறேன்." அவர் இறங்கவே அஞ்சு நிமிஷம் ஆயிற்று. டிரேவர் உயரத்தில் தப்பித்தான், வயிறு வீலில் மாட்டிக்கொண்டது. ஹாரன் தானாக அடித்தது, நிற்கவில்லை. கிளட்சை மிதித்தால் ஷூ பிரேக்கையும் சேர்த்து மிதித்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் ஹாரன் நின்றது, விட்டால் மறுபடி அடித்தது. கோயிலில் மணி அடிக்கும்போது இங்கே இது. ஓஸ்வால்ட் அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். சர்வேயர் பார்வை, விபத்து எப்படி நடந்தது என்று தேடுகிற பார்வை.

"நீ ஒரு தடவை கூடச் சொல்லலையே ஜூடி."

"எனக்கு இடிக்குதான்னு கேட்டீங்க. இடிக்கலைன்னேன். உங்களுக்கு இடிக்குமான்னு கேட்டீங்களா?"

"வேணும்னே பண்ணியிருக்க."

"ஆமா" என்றேன். "எனக்கு ஓட்டணும். பதினெட்டு வருஷமா ஓட்டணும். நான் ஓட்டறேன், ரெண்டு பேரும் ஏறுங்க."

அவர் வண்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "புதுசா மாட்டின எஞ்சின். கிளட்ச் போயிடும்" என்றார். "டிரேவர், தள்ளு. கோயில் வரைக்கும் தள்ளிட்டே போயிடலாம். அப்புறம் பிரிச்சு சரி பண்ணிக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே. இவ்வளவு பேர் முன்னால், வாட்ட சாட்டமான இரண்டு ஆண்கள் ஒரு காரைத் தெருவில் தள்ளிக்கொண்டு போகத் தயார், எனக்குக் கொடுக்கத் தயார் இல்லை. அழுதால் அவர் மனசு இளகியிருக்கும், ஆனால் இளகிக் கொடுப்பது எனக்கு வேண்டாம்.

"அக்கா" என்றான் டிரேவர், முகத்தைப் பார்க்காமல். "தள்ளறப்ப ஸ்டீயரிங் புடிக்க ஒரு ஆள் வேணும். கொஞ்சம் உட்காரேன்."

வந்து உட்கார்ந்தேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். இரண்டு பேரும் பின்னால் போய்க் கை கொடுத்தார்கள். வண்டி கேட்டைத் தாண்டியது, இரண்டு பக்கமும் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே நிறைய இடம். தெருவுக்கு வந்ததும் சரிவு. டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கோபத்தில் ஓஸ்வால்ட் சாவியை எடுக்க மறந்திருக்கிறார்.

கிளட்சை அமுக்கினேன். செகண்ட் கியர் போட்டேன். வண்டி வேகம் பிடித்தது, பின்னால் அவர்களுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "பிரேக் புடி ஜூடி, பிரேக்" என்றார் ஓஸ்வால்ட். ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா கிளட்சை விட்டேன்.

எஞ்சின் ஒரு தடவை உதறியது, பிறகு ஆறு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல. முதுகெலும்பு வழியாக ஏறி வாய் வழியாகச் சிரிப்பாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கை நீட்டியபடி இரண்டு பேர் நடுத்தெருவில் நின்றார்கள், பிறகு ஓட ஆரம்பித்தார்கள். பேக்கரி முனையில் கையை வெளியே நீட்டிக் காட்டி, வேகம் குறைத்து, திருப்பி, தேர்டுக்கு மாற்றினேன். ஹார்லிக்ஸ் வாங்க வந்த ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கோயில் மைதானத்தில் பூப்போட்ட கார்கள், ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. கடைசி இடத்தில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாரும் சத்தத்துக்குத் திரும்பினார்கள், திரும்பியவர்கள் பார்த்தது என்னை. ஃபாதர் லாயிட் தீர்த்தச் செம்போடு இரண்டு வண்டி தள்ளி இருந்தார்.

அவர் எங்களிடம் வருவதற்குள் ஓஸ்வால்ட் வந்து சேர்ந்தார். கோட் கையில், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. டிரேவர் இன்னும் மைதானத்துக் கேட்டுக்கே வரவில்லை. ஓஸ்வால்ட் முழங்காலில் கையை ஊன்றி, ஜன்னல் உயரத்துக்குக் குனிந்தார். அந்த ஜன்னலுக்கு அவ்வளவு குனிய வேண்டும். திட்டப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன்.

"முனையில தேர்டு போட்டியா?" என்றார்.

"திரும்பினப்புறம் போட்டேன்."

"கேட்டுச்சு." மூச்சு வாங்கினார். "சத்தமே இல்லாம விழுந்துச்சு. கியர்."

எங்கே கற்றேன் என்று அவர் கேட்கவில்லை.

ஃபாதர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எங்கள் கோயிலில் வண்டியை மட்டும் மந்திரிப்பதில்லை, ஓட்டுகிறவர் பேரைச் சொல்லித்தான் ஜெபம். போன வருடம் வரைக்கும் எங்கள் வண்டிக்குச் சொன்ன பேர் ஃபாதருக்குப் பழக்கம்.

"ஓஸ்வால்ட்தானே?" என்றார், செம்பில் கையை விட்டபடி.

நானே சொல்வதாக இருந்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவர் நிமிர்ந்து நின்றார்.

"இல்ல ஃபாதர்" என்றார் ஓஸ்வால்ட். "ஜூடித்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்று, பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னார். "ஓட்டறது ஜூடித்."

தீர்த்தம் தாழ்ந்த கூரையில் விழுந்து என் மடியில் சொட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கவும் முயலவில்லை. ஓஸ்வால்ட் வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். தலையைக் குனிந்து, கோட்டைச் சுருட்டி, முட்டியை மடக்கி, ஒரு வழியாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே அவருக்குத் தாராளமாக இல்லை, ஆனால் இடம் இருந்தது. சாவியைத் திருப்பினேன், கிளட்சை விட்டேன், வண்டி அலுங்காமல் கிளம்பியது. அவர் வலது கால் மட்டும் வெறும் தரையை ஒரு மிதி மிதித்தது.

மைதானத்துக் கேட்டில் டிரேவர் இப்போதுதான் வந்து சேர்ந்து மூச்சிரைக்க நின்றான். இடது பக்கம் திரும்பினால் எங்கள் வீடு. நான் வலது பக்கம் திருப்பினேன்.